பயப்படாமல் எழுதச் சொன்னது நான்

நாற்பது பேருக்கு டீயும் மிக்சரும் சொல்லியிருந்தேன். வந்தவர்கள் பதினொரு பேர். விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த செராமிக் தொழிற்சாலையின் சாப்பாட்டு ஹாலில், ஒரு சனிக்கிழமை காலை, எங்களுக்குச் சரக்கு கொடுக்கிறவர்களுக்காக நான் கூட்டிய முதல் கூட்டம் அது. மீந்த மிக்சரை இரண்டு நாள் வைத்து பேக்கிங் பிரிவுப் பெண்கள் தின்று தீர்த்தார்கள்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. செராமிக் டிப்ளமா முடித்து, லேபில் சேர்ந்து, பிறகு கொள்முதல் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தேன். தினமும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். வீட்டு மெயின் பெட்டியில் சொருகுகிற வெள்ளை பீஸ் கட்டையைத்தான் எங்கள் தொழிற்சாலையில் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, ஹீட்டருக்குள் வைக்கிற பீங்கான் பாகங்களை எங்களிடம் வாங்கத் தொடங்கியது. வாங்கத் தொடங்கிய இரண்டாம் வருஷம் நீளமாக ஒரு கேள்வித்தாளை அனுப்பினார்கள். களிமண் எங்கேயிருந்து வருகிறது, தோண்டிய பள்ளத்தை யாராவது மூடுகிறார்களா, பேக்கிங்குக்கு என்ன வாங்குகிறீர்கள், உங்களுக்குச் சரக்கு தருகிறவரிடம் வேலை செய்கிறவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது. எங்களைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. எல்லாமே எங்களுக்கு விற்கிறவர்களைப் பற்றி.

இதற்காக என்னைச் சென்னைக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சரக்கு தருகிறவரை மிரட்டாதீர்கள், கூட்டாளியாக நினையுங்கள், குறையைச் சொன்னால் திருத்துவதற்குத் துணை நில்லுங்கள் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஊருக்குத் திரும்பும் ரயிலிலேயே கேள்விகளைத் தமிழில் எழுத ஆரம்பித்துவிட்டேன். மூன்று பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்துக் கேள்வி ஒன்றை நானே சேர்த்தேன்: ‘உங்கள் இடத்தில் வேலையால் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் இருக்கிறதா? மனம்விட்டு எழுதவும்.’ மனம்விட்டு என்ற வார்த்தையை அடித்து, மறுபடி எழுதி, அப்படியே விட்டது நினைவிருக்கிறது. அதில் எனக்கு ஒரு கர்வம்.

கூட்டத்தில் தாளைக் கையில் வாங்கியதும் களிமண் காண்ட்ராக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“மேடம், எதுக்கு ஆமான்னு போடணும், எதுக்கு இல்லன்னு போடணும், நீங்களே சொல்லிடுங்க. போட்டுட்டுக் கெளம்பறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எழுந்து நின்று சொன்னேன்: “உள்ளது உள்ளபடி எழுதுங்க. பயப்படாம எழுதுங்க. இத வச்சு யாருக்கும் ஆர்டர நிறுத்த மாட்டோம். எது சரியில்லையோ அத உங்களோட சேந்து சரிபண்ணத்தான் கேக்கறோம்.”

பக்கத்தில் எங்கள் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கைபேசியைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவர் ஆட்டியதை எல்லோரும் பார்த்தார்கள்.

அரை மணி நேரத்தில் பத்துப் பேர் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேப்பூர் பக்கத்தில் வெங்கச்சங்கல் அரைக்கிற மில் வைத்திருந்த பாய். அந்த வெள்ளைக் கல்லைப் பொடியாக்கி எங்களுக்கு மூட்டை மூட்டையாக அனுப்புவார். களிமண்ணோடு அந்தப் பொடி சேராமல் எங்கள் சரக்கு எதுவும் சூளைக்குப் போகாது. பதினான்கு வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்து, சம்பாதித்ததை எல்லாம் அந்த மில்லில் போட்டவர் அவர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பேசும்போது சட்டைப் பையில் இருக்கும் பேனாவைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

“நெசமாவே உள்ளத எழுதலாமா மேடம்?”

“எழுதுங்க பாய். அதுக்குத்தானே கூப்பிட்டோம்.”

“அப்போ இன்னொரு பேப்பர் குடுங்க. எடம் பத்தல.”

கொடுத்தேன். அவர் எழுதி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். மில்லில் தூசி அதிகம் என்று எழுதியிருந்தார். முகத்துக்குக் கட்ட மாஸ்க் வாங்கிக் கொடுத்திருப்பதாகவும், வெக்கையில் பெண்கள் அதைக் கழற்றிவிடுவதாகவும், சலிக்கிற அம்மா ஒருவருக்குப் போன வருஷத்திலிருந்து இருமல் நிற்கவில்லை என்றும், டாக்டர் தூசியால்தான் என்று சொன்னதாகவும் எழுதியிருந்தார். தூசி உறிஞ்சுகிற மெஷின் போட ஆசை. ஒரு வருஷத்துக்கு நிச்சயமாக ஆர்டர் தருகிறோம் என்று கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால் அதைக் காட்டி பேங்கில் கேட்கலாம் என்று முடித்திருந்தார். எழுத்து அச்சு மாதிரி இருந்தது.

“சவூதியில நான் வேல பாத்த எடத்துல மாஸ்க் இல்லாம கேட்டுக்குள்ள விட மாட்டான் மேடம். தூசி என்னா செய்யும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே மில்ல ஓட்டறது மனசுக்கு ஒரு மாதிரிதான் இருக்குது.”

அந்தப் பொடி நுரையீரலை என்ன செய்யும் என்று டிப்ளமா இரண்டாம் வருஷத்தில் படித்து, அதற்கு மார்க்கும் வாங்கியவள் நான். மூன்று வருஷமாக அவர் பொடியை வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அவரிடம் கேட்டதில்லை. அன்றைக்கு அது உறைத்தது. கூடவே, நல்ல வேலை ஒன்றைச் செய்யத் தொடங்கிவிட்டோம் என்ற சந்தோஷமும் இருந்தது. சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த வாரம் ஆபீஸ் கேமராவை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். வேப்பூர் கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பாய் தன் டி.வி.எஸ்.ஸில் வந்து கூட்டிப்போனார். மில் என்பது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு நீளக் கொட்டகை. அதைச் சுற்றியிருந்த வேலிமுள் செடியெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. உள்ளே ஆறு பேர் வேலை செய்தார்கள். சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. பாய் மெஷினை நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகும் தூசி இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இருமுகிற அக்காவை வெளியே மூட்டை தைக்கிற வேலைக்கு மாற்றியிருந்தார். நாற்பது வயதிருக்கும். புருவத்திலும் இமையிலும் வெள்ளையாக இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் முந்தானையால் எனக்கு இடத்தைத் தட்டிவிட்டார்.

“இருமல் எவ்ளோ நாளா இருக்குது அக்கா?”

“அது கெடக்குது மேடம். போன மார்கழியிலேர்ந்து. மேடு ஏறுனாதான் மூச்சு வாங்குது. சமதரையில ஒண்ணும் தெரியல.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “இத எழுதிக்கறீங்களே, என்ன வேலைய விட்டு நிறுத்திட மாட்டாங்களே?”

“நிறுத்த மாட்டாங்க அக்கா. நீங்க நல்லா இருக்கணும்னுதான் கேக்கறோம்.”

அவர் முடியைச் சரிசெய்துகொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்தார். முகத்தைத் துடைக்கப் போனவரை நான்தான் தடுத்தேன். அந்த வெள்ளை தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் படம், வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்ப நான் தயாரித்த அறிக்கையின் நடுப் பக்கத்தில் வந்தது. நன்றாக வந்திருந்தது.

அறிக்கையை மேனேஜர் ஒரு நாள் முழுக்க மேஜையில் வைத்திருந்தார். சாயங்காலம் கூப்பிட்டார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இந்தப் பக்கத்த அனுப்ப முடியாது. அனுப்புனா அவன் ஆர்டர எடுத்துட்டு வேற நாட்டுக்குப் போயிடுவான்.”

“அப்போ இத எடுத்துட்டு அனுப்பலாமா சார்?”

“எடுத்துட்டு அனுப்புனா அது பொய். நாளைக்கு அவங்க ஆள் நேர்ல வந்து பாத்தா மாட்டிக்குவோம்.” அவர் பேனாவால் பாயின் பெயரைத் தட்டினார். “இவர லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க. எடுத்துட்டா ரிப்போர்ட்ல பொய்யே இருக்காது.”

“யாரையும் நிறுத்த மாட்டோம்னு கூட்டத்துல சொன்னோமே சார்.”

“நீங்க சொன்னீங்க.”

அவ்வளவுதான் நடந்தது. நான் சண்டை போடவில்லை. அழவில்லை. அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு சென்னையில் நடக்கப்போகிற கூட்டத்தில் பேச என்னைத்தான் அனுப்பப்போகிறார்கள் என்று முந்தின வாரம் சொல்லியிருந்தார்கள். கொள்முதலில் உதவி மேனேஜர் இடமும் காலியாக இருந்தது. இதையெல்லாம் அப்போது நான் எண்ணிப் பார்த்தேனா என்று கேட்டால், ஆமாம், பார்த்தேன். என் இடத்துக்குத் திரும்பி வந்து நானே டைப் அடித்தேன்: ‘தற்சமயம் தங்கள் சரக்கு தேவைப்படவில்லை. தேவைப்படும்போது தெரிவிக்கப்படும்.’ இரண்டே வரி. தூசியைப் பற்றியோ, அவர் எழுதிய தாளைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து பாய் போன் செய்ய ஆரம்பித்தார். முதல் தடவை நான் ஸ்டோரில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். இரண்டாவது தடவை லீவு என்று. மூன்றாவது தடவை, “பாய்தான் மேடம், உங்ககிட்ட ஒரே நிமிஷம் பேசணுமாம்” என்று போன் எடுக்கிற பெண் வந்து நின்றாள். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். என் மேஜையில் அப்போது ஒரு டம்ளர் டீ மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

சென்னைக் கூட்டத்தில் நன்றாகப் பேசினேன். கைதட்டினார்கள். எனக்கு உதவி மேனேஜர் வேலை வந்தது.

பாயின் இடத்துக்கு வெளியூர் வியாபாரி ஒருவரைப் பிடித்தார் மேனேஜர். அவர் எங்கள் கேள்வித்தாளைப் பத்து நிமிஷத்தில் நிரப்பிக் கொடுத்தார். தூசி இல்லை. இருமல் இல்லை. எல்லோருக்கும் மாஸ்க் உண்டு. பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ்கள் நாலைந்து கூட வைத்திருந்தார். தானே அரைக்கிறவரா, வாங்கி விற்கிறவரா என்று எங்கள் தாளில் கேள்வியே இல்லை. அந்தத் தாளை எழுதியது நான்தான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு காலை, பொடி லாரி ஸ்டோர் வாசலில் நின்றது. ரசீதில் கையெழுத்துப் போட நான் போயிருந்தேன். அந்த வியாபாரியின் ஊரிலிருந்து வர ஐந்து மணி நேரமாவது ஆகும். டிரைவர் அப்போதுதான் குளித்தது மாதிரி இருந்தார்.

“ராத்திரியே கெளம்பிட்டீங்களா?” என்று சும்மா கேட்டேன்.

“ராத்திரியா? காலையில டிபன் சாப்ட்டுட்டுத்தாங்க ஏத்துனேன். வேப்பூரு பாய் மில்லு. தோ, ஒரு மணி நேரந்தானே.”

கையெழுத்துப் போடாமல் நின்றேன். மூட்டைகள் புதுசு. வியாபாரியின் பெயர் அச்சடித்திருந்தது. டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏங்க, சரக்குல எதாச்சும் கொறையா?” என்றார்.

“இல்ல. சரக்கு நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மாதம் நாலு லாரி வந்தது. நாலுக்கும் போட்டேன். மேனேஜரிடம் சொல்லவில்லை. அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது. அதையும் நான் கேட்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனி எங்களைப் பாராட்டி ஒரு சட்டம் போட்ட தாள் அனுப்பியது. அதை வரவேற்பறையில் மாட்டும்போது போட்டோ எடுத்தார்கள். நான் ஓரமாக நின்றிருக்கிறேன். பச்சைப் புடவை.

ஒரு வருஷம் சுற்றி வந்து மறுபடி கேள்வித்தாள் வந்தது. இந்தத் தடவை பழைய பதில்களையே பிரதி எடுத்து அனுப்பச் சொன்னார் மேனேஜர். உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டே வந்தேன். கல்பொடி என்ற வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. தைரியம் என்று சொல்ல மாட்டேன். டிபன் டப்பாவைத் திறந்தால் சாப்பாடு இறங்காத அளவுக்கு ஆகியிருந்தது, அவ்வளவுதான். உண்மையை எழுதினேன். நாங்கள் நீக்கிய மில்லிலிருந்தே பொடி இன்னொருவர் மூலம் வருகிறது, அங்கே தூசிக்கு எந்த ஏற்பாடும் இல்லை, அதை மறைத்தது எங்கள் தவறு. பழைய அறிக்கையிலிருந்து எடுத்துவிட்ட பக்கத்தையும் சேர்த்து மேனேஜர் முன்னால் வைத்தேன்.

அவர் வெகுநேரம் படித்தார். “வேல போனாலும் பரவாயில்லையா?” என்றார்.

“பரவாயில்ல சார்.”

“உங்க வேலைய சொல்லல. இங்க இருக்கற எல்லார் வேலையும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அந்த வருஷம் நிம்மதியாக இருந்திருக்காதோ என்னவோ, “அனுப்புங்க. வர்றது வரட்டும்” என்றார்.

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் பேக்கிங் பெண்களை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் ஹாலுக்குச் சாப்பிடப் போகவில்லை. வந்த மெயிலைத் திரையில் படித்தேன். நம்ப முடியாமல் அச்செடுத்து மறுபடி படித்தேன். அந்த மில்லிடமிருந்து வாங்குவதை நிறுத்த வேண்டாம், நேரடியாக வாங்குங்கள், தூசியைக் குறைக்க என்ன செய்வீர்கள் என்று ஒரு திட்டம் அனுப்புங்கள், ஒரு வருஷம் அவகாசம் தருகிறோம் என்று இருந்தது. கடைசியில் ஒரு வரி: இதைப் போன வருஷமே எங்களிடம் சொல்லியிருக்கலாமே.

பாய் கேட்டிருந்தாரே, ஒரு வருஷத்துக்கு ஆர்டர், அதையேதான் இவர்களும் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆர்டரை எடுத்துவிடுவோம் என்று அவர்கள் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

அன்றைக்கே அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தத் தாளோடு வேப்பூர் பஸ் ஏறினேன். மில் நின்றிருந்தது. கொட்டகை வாசலில் பாய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்.

தாளில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல லெட்டர் மேடம். ஆனா மில்ல பேசி முடிச்சிட்டேன். உளுந்தூர்பேட்டைக்காரர் ஒருத்தர் எடுத்துக்கறார். எனக்கு விசா வந்துடுச்சு. அடுத்த மாசம் கெளம்பறேன்.”

“பாய், நான் அன்னிக்கு…”

“வியாபாரி குடுத்த வெலைக்கு மாஸ்க் வாங்கக்கூடக் கட்டுப்படியாவல. ரெண்டு பேர நிறுத்த வேண்டியதாப் போச்சு. அந்த அம்மாவும் நின்னுட்டாங்க, மூட்டை தைக்கவும் முடியல.” பையில் இருந்த பேனாவைத் தொட்டார். “என் மேலயும் தப்பு இருக்குது மேடம். மெஷின போட்டுட்டு அப்புறமா எழுதியிருக்கணும்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் தப்பில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டார். மன்னிச்சிடுங்க பாய் என்றேன். அவர் சட்டென்று, “டீ சொல்லவா மேடம்?” என்று எழுந்து போய்விட்டார். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது.

மில்லை எடுத்தவருக்கு, பாய் கேட்ட அந்த ஒரு வருஷ ஆர்டர் கடிதத்தைக் கொடுத்தோம். பேங்கில் கடன் கிடைத்தது. எட்டே மாதத்தில் தூசி உறிஞ்சுகிற மெஷின் வந்துவிட்டது. பெரிய குழாய் ஒன்று கொட்டகைக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. சலிக்கிற இடத்தைச் சுற்றித் தகரம் அடைத்தார்கள். அதை எப்படி அடைக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நின்று சொன்னது நான்தான். அது எனக்கு முன்பே தெரியும். தகரம் அடைக்க எந்தக் கடிதமும், எந்த ஒரு வருஷ அவகாசமும் தேவைப்பட்டிருக்காது. பாய் இருந்தபோதே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லியிருக்கலாம்.

மெஷின் ஓடத் தொடங்கிய நாளில் புது முதலாளி எனக்கு ஒரு சால்வை போர்த்தி, “எல்லாம் உங்களாலதான் மேடம்” என்றார். பிஸ்கட் கொடுத்தார். சாப்பிட்டேன்.

அங்கிருந்து, விசாரித்துக்கொண்டு, அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். ரோட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிப் போயிருந்தேன். சால்வையை மடித்துப் பைக்குள் அடியில் வைத்துவிட்டேன். அவர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். புருவம் கறுப்பாக இருந்தது. அதனால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்தது.

“போட்டோ புடிச்ச மேடந்தானே? உள்ள வாங்க, வூட்டுக்குள்ள வாங்க.”

வேண்டாம் என்று கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடப்பதைச் சொன்னார். மாத்திரைச் சீட்டுகளைக் காட்டினார். பாய் கிளம்புகிற அன்றைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாராம். நான் மன்னிப்புக் கேட்க நினைத்து வந்திருந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சாத்துக்குடி ஒன்றை உரித்துக்கொண்டிருந்தேன்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க அக்கா.”

“மில்லுல இப்ப தூசியே இல்லியாமே. மெஷின் வந்துடுச்சாமே. நீங்கதான் போட வச்சீங்கன்னு சொல்றாங்க.” நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்கு மறுபடி அங்க வேல கெடைக்குமா? தூசி இல்லன்னா நான் செஞ்சிடுவேன். நீங்க சொன்னா எடுத்துக்குவாங்க.”

கையில் சாத்துக்குடித் தோல் இருந்தது. “கேட்டுப் பாக்கறேன் அக்கா” என்றேன். அவர் மகளைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாளே புது முதலாளியிடம் போனில் கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். மூட்டை தூக்க முடியுமா, எட்டு மணி நேரம் நிற்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். “அப்போ என்னா மேடம் பண்றது, நீங்களே சொல்லுங்க” என்றார்.

அதைப் போய் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று அந்த வாரம் நினைத்தேன். அடுத்த வாரமும் நினைத்தேன். பிறகு அந்தப் பக்கம் போன இரண்டு தடவையும் கம்பெனி ஜீப்பிலேயே போய், அவர் வீட்டுப் பக்கம் இறங்காமல் திரும்பினேன். ஆடி மாதக் கடைசியில் அவர் இறந்துவிட்டதாக லாரி டிரைவர் சொன்னார். வேலைக்காக அவர் எவ்வளவு நாள் காத்திருந்தார் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.